ஆராய்ச்சியும் அனுமதியும்

நைஜீரியா தேசத்தில் மனிதர்களை வைத்து நடத்தப்படும் எந்த வைத்திய ஆராய்ச்சிக்கும் இன்று முன்கூட்டியே அனுமதி பெற்றாக வேண்டும். எத்தனை பேரைச் சோதிக்கப் போகிறோம், எதற்காகச் சோதிக்கிறோம், அவர்களுக்கு நேரக்கூடிய தீங்கு என்ன, அதற்குப் பரிகாரம் என்ன என்பனவற்றை ஆராய்ச்சியாளர் எழுத்து மூலமாக ஒரு நெறிமுறைக் கமிட்டியின் முன் வைக்க வேண்டும். கமிட்டி பரிசீலித்து ஒப்புதல் அளித்த பின்னரே ஆராய்ச்சியை ஆரம்பிக்கலாம். இதனை வெறும் காகித வேலை என்று அலட்சியமாகப் பேசுவோர் உண்டு. விஞ்ஞானத்தின் வேகத்துக்கு இது முட்டுக்கட்டை என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. அந்தக் காகிதம் எவ்விதம் பிறந்தது என்பதை அறிந்தவர்கள் அவ்வாறு பேசத் துணியமாட்டார்கள். ஆதலால் அந்த வரலாற்றை இங்கே சற்று விவரமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1996-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வட நைஜீரியாவில் மூளைச் சவ்வு ஜுரம் கொள்ளைநோயாகப் பரவிற்று. லட்சத்துக்கு மேற்பட்டோரை நோய் பீடித்தது. பதினோராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்குள்ள பெரிய நகரமாகிய கானோவில் தொற்றுநோய் வைத்தியசாலை நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்ற தொண்டு ஸ்தாபனத்தார் அங்கு வந்து, அக்காலத்தில் வழக்கிலிருந்த குளோராம்பெனிகால் என்னும் மருந்தைக் கொண்டு சிகிச்சை செய்து வந்தனர். அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவின் பைசர் கம்பெனியாரும் கானோவுக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் கையில் ட்ரோவன் என்னும் புது மருந்து இருந்தது. அது அப்போது எந்தத் தேசத்திலும் விற்பனைக்கு அனுமதிக்கப்படாதது. அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதே அவர்களுடைய நோக்கம்.

இருநூறு குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். நூறு குழந்தைகளுக்கு ட்ரோவன் கொடுக்கப்பட்டது. மற்ற நூறு குழந்தைகளுக்கு, ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டு, ஏற்கனவே நற்பெயர் பெற்ற செப்ட்ரியாக்சோன் என்னும் மருந்து கொடுக்கப்பட்டது. சில வாரங்களில் வேலை முடிந்தது. கம்பெனியார் புறப்பட்டுச் சென்றனர். இருநூறு பேரில் பதினொரு குழந்தைகள் இறந்தன. ஐந்து புது மருந்தை உண்டவை. ஆறு பழைய மருந்தைப் பெற்றவை. இன்னும் பல குழந்தைகள் பார்வையிழந்தும், செவிடாகியும், கைகால் முடங்கியும் போயின என்பது குடும்பத்தார் செய்த புகார். ஒப்பிடுவதற்குக் கொடுத்த மருந்தையும் வேண்டுமென்றே அளவு குறைத்துக் கொடுத்தார்கள் என்றும் அவர்கள் குற்றஞ்சாட்டினர்.

கம்பெனியாரின் பதிலையும் நாம் மறைக்கக் கூடாது. மரணத்துக்குக் காரணம் நோயே அன்றி மருந்தன்று என்றார்கள். கொள்ளைநோயின் பொதுவான சாவு விகிதத்தைப் பார்க்கிலும் தங்கள் கையில் இருந்த குழந்தைகளின் சாவு குறைவே என்றார்கள். பெற்றோரிடம் வாய்மொழியாகச் சம்மதம் பெற்றதாகவும், நைஜீரிய சர்க்காருக்குத் தெரிந்தே யாவும் நடந்ததாகவும் சொன்னார்கள். மருந்து கொன்றதா, நோய் கொன்றதா என்ற கேள்விக்குத் தீர்ப்பளிக்க நாம் வைத்தியர்களல்ல. நம் கேள்வி வேறு. அந்தக் குழந்தைகளைச் சோதனைக்கு உட்படுத்த அனுமதி கொடுத்தவர் யார்?

அனுமதி கொடுக்கப்பட்டதற்கு அத்தாட்சியாக ஒரு கடிதம் இருந்தது. கானோவிலுள்ள ஒரு வைத்தியசாலையின் பெயர் அச்சிட்ட தாளில், அங்குள்ள நெறிமுறைக் கமிட்டி பரிசோதனையை அங்கீகரித்ததாக அது கூறியது. 1996 மார்ச் என்று தேதி இடப்பட்டிருந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவுக்கு இந்தக் கடிதமே காட்டப்பட்டது. ஆனால் அந்தத் தேதியில் அந்த வைத்தியசாலையில் அப்படி ஒரு கமிட்டியே இருந்ததில்லை! பரிசோதனை முடிந்து ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின்னர் தயாரிக்கப்பட்டு, முன் தேதி இடப்பட்ட கடிதம் அது என்பதை, பரிசோதனையில் பங்கெடுத்த நைஜீரிய வைத்தியரே ஒப்புக்கொண்டார். ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை 2001-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. நைஜீரிய சர்க்கார் நியமித்த நிபுணர் குழுவும் அதே ஆண்டில் விசாரணை நடத்தி, பதிவு பெறாத மருந்தைக் கொண்டு நடத்தப்பட்ட சட்டவிரோதமான பரிசோதனை என்று முடிவு கூறியது. அந்த அறிக்கையோ வெளியிடப்படாமல் கிடந்தது. 2006-ஆம் ஆண்டில் அதே பத்திரிகை அதன் பிரதியைத் தேடிப் பெற்று வெளியிட்ட பிறகுதான் ஜனங்கள் அதை அறிந்தார்கள்.

நீதிஸ்தலங்களில் பழகியவர்களுக்கு முன் தேதியிட்ட பத்திரம் புதிதல்ல. நிலத்தையோ பணத்தையோ அபகரிக்கும் பொருட்டு அத்தகைய பத்திரங்கள் எழுதப்படுவதுண்டு. இங்கேயோ இருநூறு குழந்தைகளின் உடல் மீது எழுதப்பட்டது. நெறிமுறை என்பதற்கு மதிப்பு இல்லாமலிருந்தால் அந்தக் கடிதத்தைத் தயாரிக்க வேண்டிய அவசியமே நேர்ந்திராது. அனுமதி இன்றியமையாதது என்பதை எல்லோரும் அறிந்தேயிருந்தனர். அறிந்திருந்தும், அதை முன்னால் கேட்டுப் பெறுவதற்குப் பதிலாகப் பின்னால் எழுதி வைத்துக்கொண்டால் போதும் என்று நினைத்தனர். அலட்சியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்த ஜனங்கள் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற துணிவே இதற்கு மூலகாரணம்.

அந்தத் துணிவுக்கு இடம் கொடுத்த சூழ்நிலையையும் கவனிக்க வேண்டும். 1996-இல் நைஜீரியாவில் இராணுவ ஆட்சி நடந்தது. ஜனங்களுக்குத் தங்கள் சர்க்காரைக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. அப்படிப்பட்ட சர்க்காருக்குத் ‘தெரிந்திருந்தது’ என்பது ஜனங்களின் சம்மதமாகுமா? சுரத்தில் நினைவிழந்து கிடக்கும் குழந்தையை மடியில் ஏந்திக்கொண்டு ஒரு தாய் வைத்தியசாலை வாயிலில் நிற்கிறாள். வெள்ளை அங்கி அணிந்தவர் எது சொன்னாலும் அவள் தலையசைப்பாள். சிகிச்சை என்று நினைத்து அசைத்த தலையைச் சோதனைக்குக் கொடுத்த சம்மதம் என்று சொல்வது எந்தச் சட்டத்துக்கு அடுக்கும்? ஒப்பந்தம் செய்பவன் எதற்கு ஒப்புகிறான் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் பாலபாடம். நாஜி வைத்தியர்களின் கொடுமைகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் 1947-ஆம் ஆண்டிலேயே, சோதனைக்கு உட்படுபவரின் மனமுவந்த சம்மதம் முற்றிலும் இன்றியமையாதது என்று விதித்தது. உலக வைத்தியர் சங்கம் 1964-இல் ஹெல்சிங்கியில் அதை விரித்துரைத்தது. ஆக, நியதி தெரியாமல் எவரும் கானோவுக்கு வரவில்லை.

நியாயம் தேடிக் குடும்பத்தார் நடந்த தூரம் சிறிதல்ல. 2001-இல் நியூயார்க் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கை நைஜீரியாவிலேயே நடத்திக்கொள்ளலாம் என்று கம்பெனித் தரப்பில் வாதம் எழுந்தது. எட்டாண்டுகள் கழித்து, 2009 ஜனவரியில், அமெரிக்க அப்பீல் கோர்ட் அந்த வழக்கை நடத்தலாம் என்று தீர்ப்பளித்தது. சம்மதமின்றி மனிதரை வைத்துச் சோதனை செய்யலாகாது என்பது சகல தேசங்களும் ஏற்றுக்கொண்ட சர்வதேச நியதி என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் கானோ மாகாண சர்க்காருடன் கம்பெனியார் ஏழரைக் கோடி டாலருக்கு ராஜி செய்துகொண்டனர். குற்றத்தை மட்டும் ஒப்பவில்லை. முதல் நான்கு குடும்பங்களுக்குத் தலைக்கு 1,75,000 டாலர் வழங்கப்பட்டபோது 2011-ஆம் ஆண்டு ஆகிவிட்டது. குழந்தையை இழந்து பதினைந்து ஆண்டுகள்! தங்கள் குழந்தை அந்தச் சோதனையில் இருந்ததுதான் என்று நிரூபிக்க, மரபணுப் பரிசோதனைக்கும் அவர்கள் உடன்பட வேண்டியிருந்தது. மருந்து கொடுத்தபோது ஒரு கையெழுத்தும் கேட்காதவர்கள், நஷ்டஈடு கொடுக்கும்போது இரத்தச் சான்று கேட்டார்கள்.

ஆனால் உண்மையான நஷ்டத்தை டாலரில் அளக்க முடியாது. 2003-ஆம் ஆண்டில் இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் சொட்டு மருந்துடன் ஊழியர்கள் கானோவுக்கு வந்தபோது, ஜனங்கள் கதவை மூடிக்கொண்டனர். அம்மருந்து பெண்களை மலடாக்கும் என்ற வதந்தி பரவியிருந்தது. வதந்தி பொய், ஆனால் அது வேரூன்ற நிலம் ஆயத்தமாயிருந்தது. ‘முன்பு மருந்து என்று வந்தவர்கள் செய்ததை நாங்கள் மறக்கவில்லை’ என்பதே பலருடைய நினைவு. மாகாண சர்க்காரே சொட்டு மருந்தை நிறுத்தி வைத்தது. 2004-ஆம் ஆண்டின் நடுவில்தான் மறுபடி தொடங்கியது. அதற்குள் அந்நோய் ஆப்பிரிக்காவின் பல தேசங்களுக்குப் பரவிற்று; பின்னர் கடல் கடந்து இந்தோனேசியா வரையிலும் சென்றது. மசூதித் தலைவர்களையும் கிராமப் பெரியோரையும் கலந்து, வீடுவீடாக நடந்து, இழந்த நம்பிக்கையை மீட்க நெடுங்காலம் பிடித்தது. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி ஆப்பிரிக்கக் கண்டத்தில் ஒழிந்தது என்ற அறிவிப்பு 2020 ஆகஸ்டில்தான் வெளிவந்தது. அனுமதி கேட்காமல் மிச்சப்படுத்திய சில வாரங்களுக்கு எத்தனை ஆண்டுகளை விலையாகக் கொடுக்க நேர்ந்தது என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தப் பாடத்தை நைஜீரியா கற்றுக்கொண்டது என்பதைச் சொல்வதில் மகிழ்ச்சியடைகிறோம். ஆராய்ச்சி நெறிமுறைக்கான தேசியக் கமிட்டி 2005-இல் செயற்படத் தொடங்கியது. 2007-இல் விரிவான விதித் தொகுப்பு வெளியாயிற்று. 2014-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் அக்கமிட்டிக்குச் சட்டபூர்வமான அந்தஸ்து அளித்தது. வைத்திய நிலையங்களிலும் சர்வகலாசாலைகளிலும் கமிட்டிகள் அமைந்திருக்கின்றன.

மருந்தைக் கொடுப்பது மட்டுமே ஆபத்து என்று எண்ணலாகாது. சமூக ஆராய்ச்சிகளில் ஊசியுமில்லை, மாத்திரையுமில்லை, கேள்விதான் உண்டு. ஆனால் கேள்வியும் காயப்படுத்தும். கணவன் அடிக்கிறானா என்று ஒரு பெண்ணைக் கேட்டுவிட்டு எழுத்தர் போய்விடலாம். பதிலைத் திண்ணையிலிருந்து கேட்டவன் அன்றிரவு என்ன செய்வான்? இதை உணர்ந்தே நைஜீரியாவின் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும், தனிமை கிடைத்தால் மட்டுமே, இக்கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஆண்களுக்குள் உறவு கொள்வோரைத் தண்டிக்கும் சட்டங்கள் உள்ள அத்தேசத்தில், 2014 ஜனவரியில் இன்னும் கடுமையான சட்டமும் அமுலுக்கு வந்தது. அங்கே எச்.ஐ.வி. நோயைப் பற்றி விசாரிக்கும் ஆராய்ச்சியாளரின் குறிப்பேட்டில் உள்ள ஒரு பெயர் ஒரு மனிதனைச் சிறைக்கு அனுப்பக்கூடும். குறிப்பேட்டை எங்கே பூட்டி வைப்பாய், சாவி யாரிடம் இருக்கும் என்று முன்னதாகக் கேட்பதற்கு ஒருவர் வேண்டாமா? அந்த ஒருவர்தான் கமிட்டி.

ஒழுங்காக அனுமதி பெற்று நடக்கும் ஆராய்ச்சி தேசத்துக்கு எத்தகைய நன்மை செய்கிறது என்பதற்கும் நைஜீரியாவே உதாரணம். 2018-ஆம் ஆண்டில் வீடுவீடாகச் சென்று, சம்மதித்தவர்களின் இரத்தத்தைச் சோதித்து, எச்.ஐ.வி. பற்றிய மாபெரும் கணக்கெடுப்பு ஒன்று நடத்தப்பட்டது. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ளவர்களில் 2.8 சதவிகிதம் பேரிடம் கிருமி உண்டு என்று அதுவரை மதிப்பிட்டிருந்தார்கள், உண்மையில் 1.4 சதவிகிதமே என்று 2019 மார்ச்சில் முடிவு வெளியாயிற்று. எந்த மாகாணத்தில் எவ்வளவு மருந்து வேண்டும், எங்கே நோயாளிகள் சிகிச்சை இன்றித் தவிக்கிறார்கள் என்பதை ஊகத்தால் அல்லாமல் கணக்கால் அறியும் வழி பிறந்தது. ஜனங்கள் கதவைத் திறந்து கையை நீட்டியதால் கிடைத்த அறிவு இது. முன்பு மூடிய கதவுகளையும் நாம் பார்த்தோம்.

ஆகவே ஆராய்ச்சிக்கு விரோதமாக நாம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அனுமதி மெய்யானதாயிருக்க வேண்டும் என்பதே நம் வாதம். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அனுமதி பெற்ற ஆராய்ச்சிகளின் ஜாபிதா ஒளிவுமறைவின்றி வெளியிடப்பட வேண்டும். எந்த ஊரில், யார் செலவில், யார் நடத்துகிறார் என்பது எந்தக் குடிமகனும் கேட்டறியக் கூடியதாயிருக்க வேண்டும். இரண்டாவது, அது இங்கிலீஷில் மாத்திரம் இருந்தால் பயனில்லை. கானோவில் வழங்கும் ஹௌஸா மொழியிலும், யோருபா, இக்போ முதலிய பாஷைகளிலும் இருக்க வேண்டும். மூன்றாவது, கமிட்டியில் நிபுணர்களோடு சாமானிய ஜனங்களும் அமர வேண்டும். கம்பெனியின் பணத்தை எதிர்பார்ப்பவர் அமரலாகாது. நான்காவது, அனுமதி கொடுத்ததோடு கமிட்டியின் கடமை தீர்ந்ததாக எண்ணாமல், நடக்கும் இடத்துக்கே சென்று பார்க்க வேண்டும். ஐந்தாவது, மறுத்துவிட்டவரின் குழந்தைக்கும் வழக்கமான சிகிச்சை ஒரு குறைவுமின்றிக் கிடைக்க வேண்டும். மறுக்க முடியாதவன் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது.

1996-இல் கானோவிலிருந்த தாய்மார்களில் ஒருத்தியாவது, ‘இதற்கு அனுமதி யார் கொடுத்தது? அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்டிருந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருந்திராது. கேட்கும் உரிமை தனக்கு உண்டென்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. இன்று சட்டம் இருக்கிறது, கமிட்டி இருக்கிறது, காகிதமும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் வைத்தியசாலை வாயிலில் நிற்கும் கடைசித் தாய்க்கும் வர வேண்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்குவது நிபுணர்களின் வேலையன்று. ஜனங்களிடையே ஊழியம் செய்வோரின் வேலை. எந்தத் தேசத்திலும் அப்படித்தான்.