கழுகு வராத திருக்கழுக்குன்றத்துக்கு ஒரு நாள் ட்ரிப்

முதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இதை ரெக்கார்ட் பண்றப்போ என் வலது தோள்பட்டையில வலி ஜெல் தடவியிருக்கேன். பத்து மணி நேரம் லேப்டாப், அதுக்கு மேல ஒரு ரிலீஸ் நைட். நம்ம ஆளுங்க பாதிப் பேருக்கு இந்த வாசனை பழக்கம்தான். அந்த ஜெல்லை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருவேன்.

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது: சென்னையில இருந்து ஒரே நாள்ல போய் ரிலாக்ஸ் பண்ணிட்டு வர்ற மாதிரி ஒரு இடம் சொல்லுங்க. ஈ.சி.ஆர்ல ரிசார்ட், மசாஜ் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப் போறது அதைவிட ரொம்பப் பழைய ஸ்பா டவுன்: திருக்கழுக்குன்றம்.

'ஸ்பா'ங்கற வார்த்தையே பெல்ஜியத்துல இருக்கற ஒரு ஊர்ப் பேர்ல இருந்து வந்தது. இங்கிலாந்துல பாத் நகரமும் அதே கதைதான். உடம்பு சரியில்லாதவங்க போவாங்க, ஊத்துத் தண்ணியில குளிப்பாங்க, நடப்பாங்க, அங்கேயே கொஞ்ச நாள் தங்குவாங்க. திருக்கழுக்குன்றத்துல வெந்நீர் ஊத்து கிடையாது. சங்கு தீர்த்தம்னு ஒரு பெரிய குளம் இருக்கு. ஆனா முறையைப் பாருங்க: ஒரு மண்டலம், அதாவது 48 நாள், காலையில குளத்துல குளிச்சு, மலையைச் சுத்தி வந்து, சாமி கும்பிட்டா நோய் தீரும், குறிப்பா மனநோய் தீரும்னு நம்பிக்கை. குளியல், நடை, மலை ஏற்றம், ஒரே ஒழுங்குல 48 நாள். ஸ்பா வேற என்ன?

குளத்துக்கு அந்தப் பேர் வந்த காரணம், சுமார் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அதுல சங்கு தோன்றும்ங்கறது. கடைசியா 2024 மார்ச்சுல கிடைச்சது, அதுக்கு முன்னாடி 2011-ல. சங்கு கடல்ல வாழற உயிர், இது நல்ல தண்ணிக் குளம். அதனாலதான் ஊரே திரண்டு வருது.

போற வழி ரொம்ப சிம்பிள். செங்கல்பட்டு வரைக்கும் லோக்கல் ட்ரெயின். கொளவாய் ஏரி வர்றப்போ மட்டும் ஃபோனைக் கீழ வச்சுடுங்க, ப்ளீஸ். அங்கிருந்து மாமல்லபுரம் போற ரோட்டுல பஸ்ஸுல ஏறினா கிட்டத்தட்ட பாதி வழியில திருக்கழுக்குன்றம். மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால சீக்கிரம் கிளம்புங்க. கீழ தாழக்கோயில்ல பக்தவத்சலேஸ்வரர், மேல மலைக்கோயில்ல வேதகிரீஸ்வரர். ஐந்நூத்துச் சொச்சம் படி. நான் மூணு தடவை உக்காந்தேன். என்னைக் கடந்து போன ஒரு பாட்டி ஒரு தடவைகூட உக்காரல.

மலையில ஒருகல் மண்டபம்னு ஒரு பல்லவர் காலக் குடைவரை இருக்கு, அதை விட்டுடாதீங்க. சுவர்ல 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரங்க தங்களோட பேரைக் கிறுக்கி வச்சிருக்காங்க! பக்கத்துல கடற்கரையில சதுரங்கப்பட்டினத்துல, அவங்க வாயில 'சட்ராஸ்', அவங்களுக்குக் கோட்டையும் துணி வியாபாரமும் இருந்துச்சு. அங்கிருந்து இந்த மலைக்கு வந்து போயிருக்காங்க. நாம போற ட்ரிப்பை நமக்கு முன்னாடியே அடிச்சுட்டாங்க, சுவர்ல பேர் எழுதற கெட்ட பழக்கம் உட்பட.

கல்வெட்டுப் பிரியர்களுக்கு இன்னொண்ணு. ஸ்கந்தசிஷ்யன்ங்கற பழைய மன்னர் கோயிலுக்குக் கொடுத்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அப்படியே தொடர்ந்தார், அதை நானும் தொடர்றேன்னு முதலாம் ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு ஒண்ணு சொல்லுது. ஆட்சி மாறி, வம்சமே மாறியும் பழைய செட்டிங்கை யாரும் உடைக்கல. எங்க டீம்ல ஒரு வெர்ஷன் தாண்டறதுக்குள்ள உடைஞ்சிடும்.

இப்ப ஊர்ப் பேருக்கு வருவோம். ரொம்ப காலமா மதிய வேளையில ரெண்டு பறவைங்க இந்த மலைக்கு வரும், பண்டாரம் கையால சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் பறந்து போகும். பட்சி தீர்த்தம்னே ஊருக்கு இன்னொரு பேர். கழுகுன்னு சொன்னாலும் அது மஞ்சள்முகப் பாறு, பிணந்தின்னி வகை. 1998-க்கு அப்புறம் அது வரல.

அதே காலத்துலதான் இந்தியா முழுக்கப் பாறுகள் செத்து விழுந்துச்சு. வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கு மேல அழிஞ்சுது. காரணம் 2004-ல வெளிவந்த ஆய்வுல தெரிஞ்சுது: டைக்ளோஃபெனாக். மாட்டுக்கு வலிக்குப் போடற ஊசி. அது போட்ட மாடு ஒண்ணு ரெண்டு நாள்ல செத்தா, அந்தச் சடலத்தைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உடம்புக்குள்ள உப்பு மாதிரி படிஞ்சுடும். சில நாள்ல சாவு. மஞ்சள்முகப் பாறும் குறைஞ்சு, இன்னைக்கு உலக அளவுல அழியும் நிலைப் பட்டியல்ல இருக்கு. இந்த ஜோடி வராததுக்கும் அதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா காலம் ஒத்துப் போகுது.

என் தோள்ல இருக்கற ஜெல்லும் அதே மருந்துதான். கூகுள் பண்ணிட்டுப் படியில அப்படியே நின்னுட்டேன். பதறாதீங்க, நாம தடவறதுல பிரச்சனை இல்ல, பிரச்சனை மாட்டுல. இந்தியாவுல 2006-ல கால்நடைக்கு அதைத் தடை பண்ணாங்க. உடனே மனுஷங்களுக்கான பெரிய பாட்டில் ஊசி மருந்தை மாட்டுக்குப் போட ஆரம்பிச்சாங்க. அதனால 2015-ல 3 மில்லி சின்னக் குப்பியில மட்டும்தான் விக்கணும்னு உத்தரவு வந்துச்சு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு, 2017-ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு செல்லும்னு சொல்லிடுச்சு. அசெக்ளோஃபெனாக்னு ஒரு மாத்து மருந்து இருந்துச்சு. அது மாட்டோட உடம்புக்குள்ள போய் டைக்ளோஃபெனாக்காவே மாறிடும். அதைத் தடை பண்ண 2023 ஆகிடுச்சு. ஓட்டையை ஒவ்வொண்ணா அடைச்சிட்டே இருக்காங்க.

உச்சியில நல்ல காத்து. கீழ சங்கு தீர்த்தம் ஒரு தட்டு மாதிரி தெரியும், சுத்திலும் வயலும் ஏரியும். நான் அங்க ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். பறவைங்க வந்த இடம் எதுன்னு பக்கத்துல இருந்த ஒரு பெரியவர்கிட்ட கேட்டேன். கையைக் காட்டினார். "சின்ன வயசுல தினம் பாத்திருக்கேன் தம்பி, இப்ப குரங்குதான்" அப்படின்னார்.

இறங்கி மாமல்லபுரம் பஸ் பிடிச்சா சாயங்காலம் கடல்ல கால் நனைக்கலாம். தண்ணி பாட்டில், தொப்பி மறக்காதீங்க. படியில செருப்பு இல்லாம ஏறணும், வெயில் ஏறினா கல்லு சுடும்.