கையடக்க இசை இயக்கிகளுக்கான ஒலிபெருக்கிகள்

கையடக்க இசை இயக்கிகளுக்கான ஒலிபெருக்கி என்பது வாக்மன், ஐபாட், எம்பி3 பிளேயர், திறன்பேசி போன்ற சிறு கருவிகளின் இசையை அறையில் உள்ள அனைவரும் கேட்கும்படி ஒலிக்கச் செய்யும் அமைப்பாகும். இக்கருவிகளிலிருந்து வரும் மின்குறிப்பு ஹெட்போனை இயக்கப் போதுமானது; ஒலிபெருக்கியை இயக்கப் போதாது. ஆகவே இவ்வமைப்பில் ஆம்ப்ளிபையரும் சேர்ந்தே இருக்கும்.

வரலாறு

சோனி நிறுவனம் 1979 சூலையில் வெளியிட்ட முதல் வாக்மனில் ஒலிபெருக்கி கிடையாது. 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகப்படுத்தியது. 2003 முதல் ஐபாடின் அடிப்பகுதியில் 30 முனை இணைப்பான் இடம்பெற்றது. அதில் ஐபாடைச் செருகி வைக்கும் டாக் ஒலிபெருக்கிகள் பெருகின. போஸ் நிறுவனத்தின் சவுண்ட்டாக் (2004), ஆப்பிளின் ஐபாட் ஹைஃபை (2006) ஆகியவை இவ்வகையின. 2012இல் ஆப்பிள் லைட்னிங் இணைப்பானுக்கு மாறியதால், புதிய கருவிகள் பழைய டாக்குகளில் நேரடியாகப் பொருந்தவில்லை. 3.5 மி.மீ. ஆடியோ உள்ளீடு கொண்ட ஒலிபெருக்கிகளை மட்டும் சாதாரண வடம் மூலம் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது. எனவே ஒலிபெருக்கி வாங்கும்போது, ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு வழிகள் உள்ளனவா எனப் பார்ப்பது பயன் தரும்.

அமைக்கும் முறை

* ஒலி அளவு: வடத்தில் இணைக்கும்போது இயக்கியின் ஒலி அளவை முக்கால் பங்குக்குச் சற்று மேலாக வைத்து, தேவையான அளவை ஒலிபெருக்கியில் சரிசெய்ய வேண்டும். இயக்கியில் மிகக் குறைத்து ஒலிபெருக்கியில் கூட்டினால் இரைச்சலும் பெருகும்.
* ஈக்வலைசர்: முதலில் நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டு கருவிகளிலும் பேஸ் கூட்டப்பட்டால் ஒலி சிதையும்.
* இடம்: சுவரை ஒட்டி வைத்தால் தாழ்ந்த ஒலி கூடும், மூலையில் இன்னும் கூடும். உள்ளீடற்ற மேசை, அலமாரி ஆகியவை சேர்ந்து அதிரக்கூடும்.
* இரட்டை ஒலிபெருக்கிகள்: இரண்டும் கேட்பவரும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளில், ஒலிபெருக்கிகள் காது உயரத்தில் இருப்பது நல்லது.

மதிப்பிடுதல்

பெட்டியில் அச்சிட்டுள்ள எண்கள் பெரும்பாலும் வாங்குபவரைக் குழப்புகின்றன. பி.எம்.பி.ஓ. என்னும் அளவுக்குப் பொதுவான தரநிலை இல்லை, ஆர்.எம்.எஸ். வாட் அளவையே பார்க்க வேண்டும். அதிலும் வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். காதுக்கு இரு மடங்காகத் தோன்றச் சுமார் 10 மடங்கு திறன் தேவை. ஆகவே 10 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் இடையிலான வேறுபாடு சிறிதே.

"20–20,000 ஹெர்ட்ஸ்" என்ற குறிப்பும் எத்தனை டெசிபெல் ஏற்றத்தாழ்வுக்குள் என்று சொல்லப்படாவிட்டால் பொருளற்றது. தாழ்ந்த ஒலியை எழுப்ப அதிகக் காற்றை அசைக்க வேண்டும். உள்ளங்கை அளவுள்ள ஒலிபெருக்கியால் அது முழுமையாக இயலாது.

எனவே கேட்டுப் பார்ப்பதே சிறந்த சோதனை. நன்கு பழகிய பாடல்கள் சிலவற்றைத் தேர்ந்து, முதலில் பாடகரின் குரல் இயல்பாக இருக்கிறதா எனக் கவனிக்க வேண்டும். அடுத்து மிருதங்கத்தின் இடப்பக்க ஒலி தெளிவாகக் கேட்கிறதா, வெறும் முழக்கமாகிறதா எனப் பார்க்கலாம். பிறகு ஒலியைக் கூட்டிச் சிதைவு தொடங்கும் இடத்தை அறியலாம். இரண்டை ஒப்பிடும்போது ஒலி அளவு சமமாக இருக்க வேண்டும்; இல்லையெனில் சற்று உரக்க ஒலிப்பதே தரமானது போலத் தோன்றும்.