கோடு எதுவரை போகலாம்?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் நேர்க்கோட்டின் சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதிவிடுகிறாளாம். ஆனால், "இதை வைத்து என்னப்பா செய்வது?" என்று அவள் கேட்டபோது அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லையாம். அருமையான கேள்வி.

அச்சு வரைவதும் புள்ளி வைப்பதும் அவளுக்கே தெரியும். நேரே சமன்பாட்டுக்கு வருவோம். அதன் உயிர் இரண்டு எண்களில் இருக்கிறது. கிடையாக ஓர் அலகு நகர்ந்தால் கோடு எவ்வளவு ஏறுகிறது என்பது சாய்வு. கோடு குத்து அச்சை எங்கே தொடுகிறது என்பது வெட்டுத்துண்டு.

சிறுவயதில் என்னை நல்லெண்ணெய் வாங்கத் தூக்குவாளியோடு செக்கடிக்கு அனுப்புவார்கள். ஒரு லிட்டர் எண்ணெயோடு வாளி 1,220 கிராம், மூன்று லிட்டரோடு 3,060 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டருக்கு 1,840 கிராம் கூடியிருக்கிறது; லிட்டருக்கு 920. இது சாய்வு. 1,220இல் 920 போக மிச்சம் 300. இது வெட்டுத்துண்டு. ஆக, எடை = 920 × லிட்டர் + 300. சாய்வு எண்ணெயின் குணத்தைச் சொல்கிறது; வெட்டுத்துண்டு வாளியின் எடையைச் சொல்கிறது. வாளியைக் காலி செய்யாமலே அதன் எடை தெரிந்துவிட்டது! நாம் போகாத இடத்தைப் பற்றியும் கோடு பேசுகிறது. இந்தக் கணக்கில் என்னை மயக்குவது அதுதான்.

அந்த மயக்கத்தின் உச்சம் வாயுக்களின் கதை. 1802இல் பிரான்ஸின் கே-லுசாக் வாயுக்களைச் சூடாக்கி அளந்தார். அழுத்தம் மாறாதபோது, 0 டிகிரி செல்சியஸில் 100 பங்காக இருந்த காற்று 100 டிகிரியில் 137.5 பங்காக விரிந்தது. மற்ற வாயுக்களும் அப்படியே விரிந்தன. 1840களில் ரெக்னோ என்ற இயற்பியலாளர் இன்னும் நுணுக்கமாக அளந்தபோது கிடைத்தது சுமார் 136.6. அப்படியானால் கன அளவு = 100 + 0.366 × வெப்பநிலை.

இந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டுங்கள். கன அளவு சுழியாகும் இடம் மைனஸ் 273 டிகிரி! அன்றைய ஆய்வகங்கள் எட்டியிருந்த குளிரைவிட மிக மிகக் கீழே. 1848இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, தனிவெப்பநிலை அளவையை முன்வைத்த கட்டுரையில் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டினார். அந்த இடத்துக்குத் தனிச்சுழி என்று பெயர்; இன்று நாம் ஏற்கும் அளவு மைனஸ் 273.15 டிகிரி.

இங்கேதான் எச்சரிக்கையும் தேவை. கே-லுசாக்கின் எண்ணை வைத்து நீட்டினால் மைனஸ் 267இல் போய் நிற்போம். அளவீட்டில் ஒரு பங்குகூட இல்லாத வேறுபாடு, தொலைவில் ஆறு டிகிரிக்கு மேல் வளர்ந்துவிடுகிறது. அதோடு, எந்த வாயுவும் சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போவதில்லை; நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலேயே திரவமாகிவிடும். கோடு காட்டிய வெப்பநிலையை நாம் நம்புவதற்குக் காரணம், வெப்ப இயக்கவியல் முற்றிலும் வேறு வழியில் வந்து அதே இடத்தைச் சுட்டியதுதான். வேறு சாட்சி இல்லாமல் கோட்டை நீட்டுவது ஆபத்து. நான்கைந்து ஆண்டுப் புள்ளிவிவரத்தை வைத்து, இன்னும் ஐம்பது ஆண்டில் இப்படி ஆகும் என்று அடித்துச் சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதைக்கிறது.

நம் வகுப்பறைகளில் இதெல்லாம் பேசப்படுவதில்லை. சாய்வு 0.366 என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. டிகிரிக்கு இத்தனை பங்கு என்று அலகு சேர்த்துச் சொல்லும்படி யாரும் கேட்பதில்லை. அலகில்லாத சாய்வு எதைப் பற்றியும் எதுவும் சொல்லாது.

வாசகரின் மகளுக்கு நான் சொல்வது இதுதான். சோதனைப் புள்ளிகள் சற்றே சிதறியிருந்தால் அவற்றை வளைத்து நெளித்து இணைக்காதே. எல்லாவற்றுக்கும் நெருக்கமாகப் போகும் ஒரே கோட்டை வரை. சாய்வு காண, அந்தக் கோட்டின் மேலேயே தள்ளித் தள்ளி இரண்டு புள்ளிகளை எடு. சமன்பாட்டுக்குக் கீழே மூன்று வரி எழுது: சாய்வு எதைச் சொல்கிறது, வெட்டுத்துண்டு எதைச் சொல்கிறது, எந்த அளவிலிருந்து எந்த அளவு வரை உண்மையில் அளந்தாய். ஆசிரியர்களே, அந்த மூன்று வரிக்கும் மதிப்பெண் கொடுங்கள்.