பிழை இல்லை என்பதும் பிழை அகப்படவில்லை என்பதும்

கணினியின் தற்காலிக நினைவகமான ரேமை, அதற்கென வகுக்கப்பட்ட தரநிலைக்கு மேற்பட்ட வேகத்தில் இயக்குவதை ஓவர்கிளாக்கிங் என்பர். அவ்வாறு வேகம் கூட்டியபின் கணினி தடையின்றித் தொடங்குகிறது, விளையாட்டுகள் ஓடுகின்றன என்பதைக் கொண்டே நினைவகம் நிலையாக இருப்பதாக முடிவு கட்டுவது பெரும் பிழையாகும். நினைவகத்தில் புரண்டுபோன ஒரு பிட், கணினியை நிறுத்தாமலே ஒரு கோப்பினுள் நுழைந்து, அங்கிருந்து வட்டில் நிரந்தரமாகப் பதிந்துவிடக்கூடும்.

ரேமுக்கு அடிப்படையான, ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒவ்வொரு பிட்டும் ஒரு டிரான்சிஸ்டரையும் மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் ஒரு மின்தேக்கியையும் கொண்ட நுண்கலத்தில் தங்குகிறது. ஓட்டைக் குடம்போல் அம்மின்தேக்கி கசிந்துகொண்டே இருப்பதால், டிடிஆர்4 வகை ரேமில் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு கலமும் புதுப்பிக்கப்பட வேண்டும். வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கசிவு மிகுவதால் அந்த இடைவெளி பாதியாகிறது. 3200 என்று குறிக்கப்படும் நினைவகத்தின் கடிகாரம் உண்மையில் நொடிக்கு 160 கோடி முறையே துடிக்கிறது. துடிப்புக்கு இருமுறை தரவு செல்வதால்தான் அந்த இரட்டிப்பு எண். கேட்ட தரவு வெளிவர 16 துடிப்புகள் என்று வைத்தால் 10 நானோநொடி கிடைக்கும். அதே 16ஐ மாற்றாமல் வேகத்தை மட்டும் 3600க்கு உயர்த்தினால் எஞ்சுவது ஏறத்தாழ 8.9 நானோநொடிதான். அந்தக் குறுகிய அவகாசத்தில் மெல்லிய மின்னூட்டத்தைப் பிழையின்றிப் படிக்க இயலாத கலம், 1ஐ 0 எனச் சொல்லிவிடுகிறது.

இத்தகைய கலங்களைக் கண்டுபிடிக்க 1994இல் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை நிரல், இயங்குதளம் நினைவகத்தில் இடம்பிடிப்பதற்கு முன்பே தொடங்கி, ஓர் எண் வடிவத்தை எங்கும் எழுதி, பின்னர் முகவரி வரிசையில் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்த்து, அதன் நேரெதிர் வடிவத்தை அவ்விடத்திலேயே எழுதிச் செல்கிறது. ஒரு கலத்தின் நடத்தை அண்டைக் கலங்களையும் பொறுத்தது என்பதே இந்தச் சுற்றுவழிக்குக் காரணம். ஒரே வரிசையை ஓயாது திறந்து மூடினால் அண்டை வரிசையின் பிட்டுகள் புரள்வதைக் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2014இல் காட்டினர். 16 ஜிபி நினைவகத்தில் 13,700 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் இருக்க, அவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் எந்த நிரலாலும் சோதித்து முடிக்க முடியாது. மேலும், மெம்டெஸ்ட் ஓடும்போது வரைகலை அட்டை ஓய்ந்திருப்பதால், விளையாடும்போது பெட்டிக்குள் தேங்கும் வெப்பம் அச்சோதனையில் இடம்பெறுவதே இல்லை. எனவே தேர்ச்சி பெற்றது என்னும் முடிவை, அந்த நேரத்தில் அந்த வெப்பத்தில் பிழை அகப்படவில்லை என்று மட்டுமே கொள்ள வேண்டும். மாறாக, ஒரே ஒரு பிழை தென்பட்டாலும் அந்த அமைப்பைக் கைவிட்டு வேகத்தைக் குறைப்பதே முறை.

டிடிஆர்5 சில்லுகள் தமக்குள் நேரும் ஒற்றைப் பிட் பிழையைத் தாமே திருத்திக்கொள்ளும் என்பதை நம்பித் துணிவோரும் உளர். ஆயினும் சில்லிலிருந்து செயலிக்குச் செல்லும் வழியில் கெடும் தரவை அந்த ஏற்பாடு காப்பதில்லை. சோதனைகள் முடியும்வரை, முக்கியமான கோப்புகள் உள்ள வட்டை அக்கணினியில் இணைக்காதிருப்பது நல்லது.