அப்பா கையெழுத்து இல்லாத விண்ணப்பம்

2024 ஜூன் 24, மாலை 5 மணி. தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் இடம் பிடித்திருந்த ஓர் இளைஞர், சேர்க்கைக் கட்டணம் 17,500 ரூபாயைக் கட்ட வேண்டிய கடைசி நேரம் அது. ஊர் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்குத் தினக்கூலி வேலை. அங்கே இங்கே கேட்டுப் பணத்தைப் புரட்டி முடிப்பதற்குள் இணையதளம் மூடிக்கொள்ளும் நேரம் நெருங்கிவிட்டது. பணம் போய்ச் சேரவில்லை, இடமும் போனது. அந்த ஆண்டு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால், வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வந்து, அங்கிருந்து உச்ச நீதிமன்றம் சென்றது. செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு, அரசமைப்பின் 142ஆம் பிரிவின்படி அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. அதன் பிறகு படிப்புச் செலவை ஏற்பதாக உத்தரப் பிரதேச அரசே அறிவித்தது.

அந்தப் பிள்ளைக்கு ஓர் அப்பா இருந்தார். கைமாற்று கேட்க ஒரு ஊர் இருந்தது. அப்படியும் சில நிமிடங்களில் இடம் கைநழுவியது. பெற்றோரை இழந்தவர், குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 வயதில் வெளியே வந்தவர், கல்யாணப் பேச்சுக்கு உடன்படாமல் வீட்டைவிட்டு வந்த பெண், வீட்டார் ஏற்காத திருநங்கை, குடித்தே அழிந்த அப்பாவிடமிருந்து ஒதுங்கி வாழும் மகன் என்று, தன் காலில் நின்று படிக்க நினைப்பவர்கள் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு அந்த முதல் தவணையை யார் கொடுப்பது?

கல்லூரிக்கு உதவி செய்யும் திட்டங்கள் தமிழ்நாட்டில் குறைவில்லை. ஆனால் விண்ணப்பிப்பவருக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான விண்ணப்பப் படிவங்கள் அச்சாகின்றன. வருமானச் சான்றிதழைக் கேட்டால் அப்பாவின் வருமானம். கடன் கேட்டால் அப்பாவின் கையெழுத்து. உதவித்தொகை வரும்வரை தாக்குப்பிடிக்க அம்மாவின் காதுத்தோடு. குடும்பம் சத்தமில்லாமல் செய்துவிடும் இந்த மூன்று வேலைகளையும் தனியாக நிற்பவர் தானே செய்தாக வேண்டும்.

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் மதிப்பெண் பட்டியல், ஆதார், ரேஷன் கார்டு. கணினிக்குப் பின்னால் இருப்பவர் தலை நிமிராமலே கேட்கிற முதல் கேள்வி, "அப்பா பேரு சொல்லும்மா." பெயர் சொல்லலாம். அடுத்த கேள்விகள்தான் கடினம்: அப்பாவின் ஆதார், அப்பாவின் கையெழுத்து, அப்பா பெயர் இருக்கும் ரேஷன் கார்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றும் இந்த வாசல் வழியாகத்தான் வருவாய்த் துறைக்குப் போகின்றன.

பெற்றோர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ்தான் மற்ற எல்லாச் சான்றுக்கும் தாய். பல வீடுகளில் சாவு விழுந்தபோது அதைப் பதிந்து வாங்கி வைக்கும் நிலையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பத்து வருடம் கழித்துப் பிள்ளை கல்லூரி சேரும் நேரத்தில்தான் அந்தத் தாள் இல்லாதது தெரியும். பழைய இறப்பைப் பதிய கூடுதல் விசாரணை, கூடுதல் அலைச்சல். ஆகவே கேட்க வேண்டிய நேரம் மே மாதம் இல்லை, பிளஸ் ஒன் படிக்கும்போதே. பள்ளித் தலைமையாசிரியரோ வகுப்பாசிரியரோ இந்த ஒன்றைக் கவனித்துச் செய்துகொடுத்தால் அந்தப் பிள்ளையின் ஒரு வருடம் மிஞ்சும்.

பெற்றோர் உயிரோடு இருந்து உறவு அறுந்துபோனவர்களின் பாடு இன்னும் சிக்கல். அப்பா மாதம் 40,000 சம்பாதிக்கிறார், மகளுக்கு ஒரு ரூபாய் தருவதில்லை என்றால், காகிதத்தில் அவள் வசதியான வீட்டுப் பெண். அமெரிக்காவில் மத்திய அரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும்போது 24 வயது நிறைந்தவர், திருமணமானவர், பெற்றோரை இழந்தவர், வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவர் போன்றோரை 'தனித்து நிற்கும் மாணவர்' என்று தனி வகையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பெற்றோர் வருமானம் கணக்கில் வராது. அங்கேயும் பெற்றோர் பணம் தர மறுக்கிறார்கள் என்பது மட்டும் போதாது என்ற குறை உண்டு. என்றாலும் அப்படி ஒரு வகை சட்டத்தில் இருக்கிறது. நம் கல்வி உதவிப் படிவங்களில் அந்தக் கட்டமே இல்லை. 18 வயதில் வாக்களிக்கலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம். கல்லூரிக் கட்டணம் என்று வந்துவிட்டால் மட்டும் திரும்பவும் அப்பாவின் பிள்ளை.

சரி, இருக்கும் வழிகளைப் பார்க்கலாம்.

தங்க இடமில்லாதவர் கட்டணத்தைப் பற்றி யோசிக்கும் முன் விடுதியைப் பற்றி யோசிக்க வேண்டும். ஒரு படுக்கையும் மூன்று வேளைச் சோறும்தான் மாதச் செலவில் பெரும்பங்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத் துறைகள் நடத்தும் கல்லூரி விடுதிகளில் தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் காசில்லை. 2025இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள். கட்டடங்களின் நிலை இடத்துக்கு இடம் வேறுபடும்; சில விடுதிகளில் கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் போராட வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும், வீடு என்று சொல்ல ஓர் இடமில்லாதவருக்கு இதைவிடப் பெரிய உதவித்தொகை வேறெதுவும் இல்லை. எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பக்கத்தில் விடுதி இருக்கிறதா, இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது அரசு கலை, அறிவியல் கல்லூரி. ஆண்டுக் கட்டணம் சில ஆயிரங்களுக்குள் முடிந்துவிடும். பல கல்லூரிகளில் இரண்டு சுழற்சியாக வகுப்பு நடக்கிறது. செகண்ட் ஷிஃப்டில் சேர்ந்தவர் காலையில் ஒரு கடையில், ஒரு குடோனில், ஒரு டியூஷன் சென்டரில் வேலை பார்த்துவிட்டு மதியம் வகுப்புக்கு வர முடியும். இன்று ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் இருக்கும் எத்தனையோ பேர் இந்த மதிய வகுப்பில் உட்கார்ந்து படித்து வந்தவர்கள். இந்த ஏற்பாட்டை இரண்டாந்தரமாக நினைப்பது தவறு.

அரசுப் பள்ளியில் படித்தவருக்குக் கதவுகள் கூடுதலாகத் திறக்கின்றன. 6 முதல் 12 வரை அங்கேயே படித்திருந்தால், 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவத்திலும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதன் வழியாகச் சேர்பவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டுகிறது. தனித்து நிற்கும் மாணவருக்கு இதைப்போல முழுமையாகக் கைகொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் வேறில்லை. முதல் தவணைக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. இதுதவிர மாதம் 1,000 ரூபாய்: பெண்களுக்குப் புதுமைப் பெண், 2022 செப்டம்பரிலிருந்து, ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. இவ்விரண்டிலும் அப்பாவின் வருமானத்தைக் கேட்பதில்லை. படித்த பள்ளிதான் தகுதி. அதனால்தான் வீட்டோடு உறவற்றவர்களுக்கும் இந்தப் பணம் போய்ச் சேர்கிறது.

இங்கே ஒரு சின்ன விஷயம். அரசு தரும் பணம் எல்லாம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பள்ளிக் காலத்தில் அப்பாவோடு சேர்ந்து தொடங்கிய கணக்கோடு ஆதார் இணைந்திருந்தால், பணம் அங்கேதான் போய் விழும். ஏடிஎம் கார்டு அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும். 18 முடிந்ததும் தன் பெயரில் மட்டும் ஒரு கணக்கு தொடங்கி, ஆதார் இணைப்பை அதற்கு மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. செய்யாமல் விட்டால் ஒரு வருடப் பணம் வேறு கைக்குப் போகும்.

தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலும் இதே தொல்லை வேறு வடிவில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கான புதிய முறையில் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு மாணவரின் கணக்குக்கே நேராக வருகிறது. அதை அவர் கல்லூரியில் கட்ட வேண்டும். தாமதமாக வந்து சேரும் அந்தப் பணம், வாடகையும் சாப்பாடும் நெருக்கும் நேரத்தில் கணக்கில் நிற்கும்போது, தனியாக இருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை அதைத் தொடாமல் இருக்க வேண்டும். பணம் வரும்வரை கட்டணம் கேட்டு நெருக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருபவருக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010-11இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தவருக்குத்தான் அது பொருந்தும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடுகிறேன் என்று வரும் தரகரின் பேச்சைக் கேட்டுக் கலந்தாய்வை விட்டவர், சலுகையையும் சேர்த்து இழக்கிறார்.

பெற்றோரை இழந்தவர்களுக்கென்றே இருக்கும் உதவிகள் அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. ஏஐசிடிஇ அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பொறியியலோ டிப்ளமோவோ படிப்பவருக்கு 'ஸ்வநாத்' உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம் ஆதரவற்ற மாணவர்களுக்கு முன்னுரிமை தருகிறது; பிளஸ் டூ முடிவு வந்த சில நாட்களுக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் பலர் தவறவிடுகிறார்கள். நடிகர் சூர்யா தொடங்கிய அகரம் அறக்கட்டளையின் 'விதை' திட்டம் 2010இலிருந்து நடக்கிறது. விண்ணப்பித்தவரின் இருப்பிடத்துக்கே தன்னார்வலர்கள் நேரில் போய்ப் பார்ப்பார்கள். சான்றிதழில் எழுத முடியாத நிலைமையை ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்ல முடிகிற அபூர்வமான இடம் அது.

வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட திருநங்கை, திருநம்பி மாணவர்களைப் பற்றி நீண்ட காலம் யாரும் யோசிக்கவில்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கையாக அறியப்படும் கிரேஸ் பானு, படிப்பதற்கே போராட வேண்டியிருந்த தலைமுறையைச் சேர்ந்தவர். 2024-25 நிதிநிலை அறிக்கையில்தான் உயர்கல்வி படிக்கும் மூன்றாம் பாலினத்தவரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது.

கல்விக் கடன் கடைசி வழியாகவே இருக்கட்டும். வங்கிகளின் பொதுத் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம். ஆனால் பெற்றோரோ பாதுகாவலரோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். திருமணமானவர் என்றால் கணவன் அல்லது மனைவி, மாமனார் மாமியாரும் அந்த இடத்தில் வரலாம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், முன்னணிக் கல்வி நிறுவனங்களில் சேர்பவருக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் என்கிறது. ஜாமீன் வேண்டாம் என்பதும் கூட்டுக் கடன்தாரர் வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. கிளைக்குப் போகும்போதுதான் பலருக்கு இந்த வேறுபாடு தெரியவருகிறது. மேலாளர் மறுத்தால் மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரையோ, ஆட்சியர் அலுவலகம் நடத்தும் கல்விக் கடன் முகாமையோ அணுகலாம். செல்பேசியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் செயலிகளின் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்கக் கூடாது. கல்லூரிக் கட்டணத்துக்காக அவற்றில் கைவைத்தவர்கள் வட்டியோடு மிரட்டலையும் சேர்த்து அனுபவித்திருக்கிறார்கள்.

சம்பாதித்துக்கொண்டே படிக்கும் பாதையும் விரிந்திருக்கிறது. ஸோஹோ நிறுவனம் 2005இலிருந்து நடத்திவரும் பயிற்சிப் பள்ளியில் கட்டணம் இல்லை, மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்கள்; பட்டம் கிடைக்காது, வேலை கிடைக்கும். எச்சிஎல் நிறுவனத்தின் டெக்பீ திட்டத்தில் பிளஸ் டூ முடித்தவர் பயிற்சி பெற்று வேலையில் சேர்ந்து, வேலையோடு பட்டமும் படிக்கிறார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் எப்போதும் இருக்கின்றன.

இடையில் பணம் தீர்ந்து படிப்பை நிறுத்த நேர்ந்தால் டிசியையும் மதிப்பெண் பட்டியலையும் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மாணவரின் மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. அடுத்த ஆண்டு வேறு கல்லூரியில் சேர நினைப்பவருக்கு அந்தத் தாள்கள்தான் உயிர்.

குழந்தைகள் இல்லத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு ஓடுகிறது. 18 முடிந்ததும் இல்லத்தைவிட்டு வெளியேற வேண்டும். அந்தப் பிறந்தநாள் பெரும்பாலும் கல்லூரியில் சேர்கிற அதே சில மாதங்களில்தான் வருகிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு 18க்குப் பிறகும் பொருளுதவி தர வழிசெய்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இந்தப் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய், 21 வயது வரை. இதைக் கேட்டு வாங்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. இல்லக் கண்காணிப்பாளர் பிள்ளையின் பதினேழாவது வயதிலேயே கோப்பைத் தொடங்கி, பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே கையெழுத்துகளை வாங்கி வைத்தால், ஜூன் மாதத்தில் அந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு இல்லத்தின் வாசலைத் தாண்டும்போது கையில் கல்லூரிச் சேர்க்கைச் சீட்டும் விடுதி அறை எண்ணும் இருக்கும்.