சத்தம் போடும் ஊர்கள் – 9: தாளம் சரி, சுரம்தான் போச்சு

இந்த வாரம் பாலம் என்று சொல்லியிருந்தேன். டென்மார்க்கின் கில்லிங்கில் 1995-ல் இரண்டு கலைஞர்கள் சாலையில் குமிழ் பதித்துப் பாடவைத்த கதையும், ஜப்பானின் ஷினோடா புல்டோசரால் தற்செயலாகச் சாலையைக் கீறிவிட்டு, அதன்மேல் வண்டியோட்டி இசையைக் கண்டுபிடித்த கதையும் உங்களுக்கு நினைவிருக்கும். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். பாலத்துக்குப் போகிற வழியில் கலிஃபோர்னியாவின் லாங்காஸ்டர் மறித்துக்கொண்டது. நகர மனசில்லை.

2008 செப்டம்பரில் ஹோண்டா கார் விளம்பரத்துக்காக அங்கே அவென்யூ கே என்ற சாலையில் குறுக்கே வரிவரியாகப் பள்ளம் வெட்டினார்கள். ரோசினியின் ‘வில்லியம் டெல்’ ஆபராவின் தொடக்க இசை, அதிலும் குதிரைப் பாய்ச்சலாக வரும் கடைசிப் பகுதி. அமெரிக்கர்களுக்கு அது ‘லோன் ரேஞ்சர்’ பாட்டு, குழந்தைகூட முணுமுணுக்கும். சாலை பாடியது. பாட்டு இன்னதென்று தாளத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. சுரங்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன.

ஓட்டியவர் வேகம் சரியில்லையோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பாவம், அவர்மேல் பழி போட வழியே இல்லை. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். 10 சென்டிமீட்டருக்கு ஒரு பள்ளம் இருந்தால் டயர் நொடிக்கு 250 முறை தட்டும். அது ஒரு சுரம். 5 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் 500 தட்டு. அதே சுரம் மேல் ஸ்தாயியில். வேகத்தைக் கூட்டினால் எல்லாச் சுரமும் ஒரே விகிதத்தில் ஏறும், காலப்பிரமாணமும் கூடவே ஏறும். சுருதி மாறலாம், ராகம் மாறாது. எந்த வேகத்தில் போனாலும் அபசுரம் என்றால் கோளாறு சாலையில்தான்.

அந்தக் கோளாறை அந்த ஆண்டே கணக்குப் போட்டுக் காட்டினார் இயற்பியலாளர் டேவிட் சிம்மன்ஸ்-டஃபின். இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான். ஒரு பள்ளத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த பள்ளத்தின் தொடக்கம்வரை அளந்திருக்க வேண்டும். அவர்கள் நடுவிலிருக்கும் மேட்டை மட்டும் அளந்துவிட்டு, பள்ளத்தின் அகலத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை போலிருக்கிறது.

இதனால் என்ன ஆகும்? பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸா-வுக்கு 4 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மேல் ஸா-வுக்கு 2 அங்குலம். இரண்டிலும் ஓர் அங்குலப் பள்ளம் கூடுதலாக நுழைந்தால் 5, 3 ஆகிவிடும். இரண்டு மடங்கு ஏற வேண்டிய சுரம் ஒன்றே முக்கால் மடங்கைக்கூடத் தொடாது. மேல் ஸா-வைப் பிடிக்கப் போனவர் சதுஸ்ருதி தைவதத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்! பஞ்சமத்தையும் போட்டுப் பார்த்தேன். அது சுத்த மத்தியமத்தைச் சற்றுத் தாண்டி, பிரதி மத்தியமத்தை எட்டாமல், நடுவில் திரிசங்காக நிற்கிறது. தாளம் மட்டும் பிழைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு சுரத்துக்கும் எத்தனை அடி நீளத்துக்குப் பள்ளம் வெட்டினார்கள் என்பதைப் பொறுத்தது அது. அந்த அளவில் தப்பு நேரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. காருக்கு முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 2.7 மீட்டர். ஆகவே முன்சக்கரம் பாடியதையே நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்துப் பின்சக்கரமும் பாடும், குருவுக்குப் பின்னால் உட்கார்ந்த சிஷ்யப்பிள்ளை மாதிரி. சுரம் மாறும் இடத்தில் ஒரு கணம் இருவரும் வெவ்வேறு சுரத்தில் இருப்பார்கள். விளம்பரம் எடுத்தவர்கள் இதையெல்லாம் யோசித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்கம்பக்கத்தார் இரவும் பகலும் இதைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் புகார் செய்ய, அந்த மாதமே தார் ஊற்றி மூடினார்கள். அக்டோபரில் வீடுகள் இல்லாத விமான நிலையப் பக்கம், அவென்யூ ஜி-யில் புதிதாக வெட்டினார்கள். கையில் வாய்ப்பு, எதிரே வெற்றுச் சாலை. அதே தப்பை அப்படியே திரும்ப வெட்டினார்கள்.

சரியாகப் பாடினால் மட்டும் விட்டுவிடுவார்களா? 2018-ல் நெதர்லாந்தின் யெல்சும் கிராமத்தருகே மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் ஃபிரீஸ்லாந்து மாகாண கீதம் கேட்கும்படி சாலை போட்டார்கள். ஊர்க்காரர்கள் சொந்த கீதத்தையே ராத்திரி முழுக்கக் கேட்டு வெறுத்துப்போய், சில நாட்களிலேயே பெயர்த்தெடுக்க வைத்தார்கள்.

ஆசிரியர் இரண்டு முறை போன் பண்ணிவிட்டார். சான்ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 2020-ல் திடீரென்று ஊளையிட ஆரம்பித்ததே, அது அடுத்த வாரம். அங்கே பாடியது டயர் இல்லை, காற்று. கைப்பிடிக் கம்பிகளை மெலிதாக மாற்றியதில் வந்த வினை. அதற்குள் வேறு ஏதாவது மறிக்காமல் இருந்தால்.