பாகவதர் கதை யாருக்குச் சொந்தம்? சினிமாவும் மேடைக் கச்சேரியும் கிளப்பும் கேள்வி!

திருச்சி,

பாலக்கரையில் இருந்து சங்கிலியாண்டபுரம் பக்கம் தினமும் போய் வருகிறவர்கள் எத்தனையோ பேர். ஆபீசுக்கு நேரமாச்சு என்று ஓடுகிறவர்கள், கடை திறக்கப் போகிறவர்கள், ஸ்கூல் பிள்ளைகள்.

அந்தப் பகுதியில்தான் தமிழ் சினிமாவின் முதல் "சூப்பர் ஸ்டார்" மண்ணுக்குள் தூங்குகிறார். அவர்தான் எம்.கே.தியாகராஜ பாகவதர்!

1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். வயது 50-ஐக்கூடத் தொடவில்லை. சங்கிலியாண்டபுரத்தில்தான் அடக்கம் நடந்தது.

இத்தனை ஆண்டு கழித்து, அவர் பெயர் மறுபடியும் கோர்ட்டு வாசல் ஏறியது. இந்த முறை கொலை வழக்குக்காக அல்ல. ஒரு சினிமாவுக்காக!

பேரன் போட்ட வழக்கு

2025-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி "காந்தா" என்ற படம் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்தது. துல்கர் சல்மான் கதாநாயகன். ராணா போலீஸ் அதிகாரி. சமுத்திரக்கனி டைரக்டர் வேடம். செல்வமணி செல்வராஜ் டைரக்ட் செய்தார். 1950-களின் மெட்ராஸ், ஒரு பெரிய ஸ்டார், அவரை வளர்த்துவிட்ட டைரக்டரோடு தகராறு, நடுவில் ஒரு கொலை. கதை இதுதான்.

படத்தில் கதாநாயகன் பெயர் டி.கே.மகாதேவன். பாகவதர் என்று எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் படம் வருவதற்கு முன்பே, "இது பாகவதர் கதைதான்" என்ற பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது.

பாகவதரின் பேரன் சென்னை சிட்டி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டார். "குடும்பத்தின் அனுமதி வாங்காமல் தாத்தாவைத் தவறாகக் காட்டுகிறார்கள். படத்துக்குத் தடை வேண்டும்" என்பது அவர் கோரிக்கை. பதில் சொல்லும்படி படத் தரப்புக்கு கோர்ட்டு நோட்டீஸ் அனுப்பியது.

"இது பாகவதர் வாழ்க்கை வரலாறு அல்ல, கற்பனைக் கதை" என்று படத் தரப்பு சொன்னது. குறித்த தேதியில் படம் தியேட்டருக்கு வந்துவிட்டது.

பாலக்கரை பையன்

யார் இந்த பாகவதர்? இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. "பாகவதர் கிராப்பு" என்றால் மட்டும் பெரியவர்கள் சிரிப்பார்கள். தோள்வரை புரளும் முடி, காதில் கடுக்கன், பட்டு ஜிப்பா. அந்தக் காலத்து வாலிபர்கள் பலர் அப்படித்தான் முடி வளர்த்தார்கள்.

மாயவரத்தில் பிறந்தவர். நகை வேலை செய்யும் குடும்பம். பிழைப்பு தேடி குடும்பம் திருச்சிக்கு வந்தது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. பாட்டு ஏறியது. வீட்டை விட்டு ஓடிப்போய், கடப்பாவில் கூட்டத்துக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தபோது அப்பா கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு.

திருச்சியில் ரெயில்வே அதிகாரியாக இருந்த எப்.ஜி.நடேசய்யர், ரசிக ரஞ்சன சபாவை நடத்தி வந்தார். நாடகப் பித்து கொண்டவர். அவர்தான் அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்து பையனை மேடை ஏற்றினார்.

1934-ல் "பவளக்கொடி" படம் வந்தது. கே.சுப்பிரமணியம் டைரக்ட் செய்த படம். அதோடு அதிர்ஷ்டம் கதவைத் தட்டியது. 1937-ல் "சிந்தாமணி", "அம்பிகாபதி". 1941-ல் "அசோக்குமார்". 1943-ல் "சிவகவி". மொத்தம் நடித்தது 14 படங்கள்தான். ஆனால் பாட்டு கேட்காத தெருவே கிடையாது.

வெளியே படம்! உள்ளே கைதி!

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு "ஹரிதாஸ்" ரிலீஸ். சென்னை பிராட்வே தியேட்டரில் 3 தீபாவளியைக் கண்ட படம்.

ஆனால் அதே ஆண்டு நவம்பரில் இடி விழுந்தது.

லட்சுமிகாந்தன் என்பவர் "சினிமா தூது" என்ற பத்திரிகையை நடத்தினார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதுவதுதான் அதன் வியாபாரம். பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், கோவை பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கவர்னரிடம் புகார் கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்சு ரத்து ஆனது. லட்சுமிகாந்தன் சும்மா இருக்கவில்லை. "இந்துநேசன்" என்ற பெயரில் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

1944 நவம்பர் 8-ந் தேதி வேப்பேரி பக்கம் ரிக்‌ஷாவில் போனபோது அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். பாகவதரும், கிருஷ்ணனும், ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்கள்.

1945-ல் ஐகோர்ட்டில் ஜூரிகள் முன் விசாரணை நடந்தது. நாயுடு விடுதலை ஆனார். பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. "மறுபடி விசாரியுங்கள்" என்று உத்தரவு வந்தது. 1947 ஏப்ரலில் ஐகோர்ட்டு இருவரையும் விடுதலை செய்தது.

அதாவது, பிராட்வேயில் ஜனங்கள் டிக்கெட் வாங்கி பாகவதர் பாட்டைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். பாடியவரோ ஜெயிலில் இருந்தார்!

லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்? இன்றுவரை அது தீராத மர்மம்.

வெளியே வந்த பாகவதரைப் பழைய அதிர்ஷ்டம் திரும்பிப் பார்க்கவில்லை. 1948-ல் வந்த "ராஜமுக்தி" ஓடவில்லை. அடுத்து வந்த படங்களும் கை கொடுக்கவில்லை. கடைசிப் படமான "சிவகாமி" அவர் இறந்த பிறகு 1960-ல்தான் வெளிவந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

இப்படிப்பட்ட வாழ்க்கை சினிமாக்காரர்களுக்கு அல்வா மாதிரி. புகழ் இருக்கிறது, கொலை இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, வீழ்ச்சியும் இருக்கிறது. ஆனால் செத்துப்போனவர் கதையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா?

ஆட்டோ சங்கர் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? அவன் சுயசரிதையைப் பத்திரிகையில் போடலாமா, கூடாதா என்பது சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1994-ல் தீர்ப்பு வந்தது. "கோர்ட்டு ரிக்கார்டு போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை யார் அனுமதியும் இல்லாமல் வெளியிடலாம். அதைத் தாண்டி அந்தரங்கத்துக்குள் போனால் பொறுப்பு ஏற்க வேண்டும்" என்பது அதன் சாரம்.

ஜெயலலிதா வாழ்க்கையை "தலைவி" என்று படம் எடுத்தபோது அண்ணன் மகள் தீபா வழக்குப் போட்டார். 2021-ல் சென்னை ஐகோர்ட்டு அதைத் தள்ளுபடி செய்தது. ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு போய்விடுகிறது, அது வீடு வாசல் போல வாரிசுக்கு வராது என்று கோர்ட்டு கூறியது.

அப்படியானால் குடும்பத்துக்கு வழியே இல்லையா? இருக்கிறது. இறந்தவரைப் பற்றி இழிவாகச் சொல்லி, குடும்பத்தார் மனதைப் புண்படுத்துவதே நோக்கமாக இருந்தால் அதுவும் அவதூறுதான் என்று குற்றச் சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. ஆனால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டும். "கற்பனைப் பெயர், கற்பனைக் கதை" என்று சொல்லிவிட்டால் நிரூபிப்பது குதிரைக்கொம்பு!

சாவித்திரி கதையான "நடிகையர் திலகம்" 2018-ல் வந்தபோதும் இதே சண்டை. படம் சக்கைப்போடு போட்டது. ஆனால் "அப்பாவைத் தவறாகக் காட்டிவிட்டார்கள்" என்று ஜெமினி கணேசனின் மகள் கமலா செல்வராஜ் ஆதங்கப்பட்டார்.

வெளிநாட்டிலும் இது பெரிய வியாபாரம். குயின் இசைக்குழு பாடகர் பிரெடி மெர்குரி பற்றிய படம் 2018-ல் வந்து 4 ஆஸ்கார் வாங்கியது. 2022-ல் எல்விஸ் பிரெஸ்லி கதை வந்தது. அதே ஆண்டு லண்டனில் "அப்பா" குழுவினரின் இளமைத் தோற்றத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி மேடையில் ஆடவிட்டார்கள். பாடகர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். ஆனால் மேடையில் நிற்பது பிம்பம்!

ஸ்ரீரங்கத்து போஸ்ட் கார்டு

சினிமா ஒரு பக்கம். பாகவதரை உயிரோடு வைத்திருப்பது இன்னொரு பக்கம். அது மேடைக் கச்சேரி.

பாகவதர் பாணியைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர் மதுரைக்காரர் டி.எம்.சவுந்தரராஜன். 1950-ல் "கிருஷ்ண விஜயம்" படத்தில் அவருக்கு முதல் பாட்டு. அதைப் பாடியதே பாகவதர் பாணியில்தான். அந்தப் படத்தின் டைரக்டர் சுந்தர்ராவ் நட்கர்னி. "ஹரிதாஸ்" எடுத்தவரும் அவரேதான்!

அந்த சவுந்தரராஜனுக்கு ஸ்ரீரங்கத்தில் இருந்து ஒரு வாலிபர் போஸ்ட் கார்டில் முருகன் பாட்டு எழுதி அனுப்பினார். சவுந்தரராஜன் அதைப் பாடினார். பாட்டு பட்டிதொட்டி எல்லாம் பரவியது. எழுதிய வாலிபரின் பெயர் ரங்கராஜன். ஊர் அறிந்த பெயர் வாலி! பாடியவரும் எழுதியவரும் 2013-ம் ஆண்டிலேயே அடுத்தடுத்து காலமானார்கள்.

இன்றைக்கும் கோவில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் பழைய பாட்டு இல்லாமல் மேடை களைகட்டாது. ஆனால் பாகவதர் பாட்டை எடுக்க எல்லாருக்கும் தைரியம் வராது. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பழகிய குரல் அது. கீபோர்டில் சுருதியை இறக்கிக்கொண்டு பாடினால்தான் பலருக்கு மூச்சு தாங்கும்.

இனி அந்தக் கவலையும் இருக்காது போலிருக்கிறது! 2024-ல் "லால் சலாம்" படத்தில் இறந்துபோன பாடகர்கள் சாகுல் அமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரலைக் கம்ப்யூட்டர் மூலம் உருவாக்கிப் பாடவைத்தார் ஏ.ஆர்.ரகுமான். அதற்கு முன் அவர் செய்த காரியம்தான் கவனிக்க வேண்டியது. இரண்டு குடும்பத்திடமும் சம்மதம் கேட்டார். சம்பளமும் கொடுத்தார்.

சட்டம் ஆயிரம் சொல்லட்டும். வீடு தேடிப்போய் "எடுக்கப் போகிறோம், என்ன சொல்றீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

மண்டபம் இருக்கிறது

திருச்சியில் பாகவதருக்கு அரசாங்கம் மணிமண்டபம் கட்டியிருக்கிறது. பெரும்பிடுகு முத்தரையர், சர் ஏ.டி.பன்னீர்செல்வம் ஆகியோருக்கும் கூடவே மண்டபம் உண்டு.

அந்தரங்கத்தை விற்ற ஒரு பத்திரிகையில் தொடங்கியது பாகவதரின் கஷ்டம். கோர்ட்டு அவரை நிரபராதி என்று அனுப்பி 75 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் பெயரைச் சொன்னதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது அந்த வழக்குதான்.

சினிமா பார்ப்பவர்கள் பார்க்கட்டும். பார்த்துவிட்டு வந்து, அவர் பாடிய ஒரு பாட்டையாவது கேட்கட்டும். அப்புறம் சொல்லட்டும், இவர் எதற்காக ஞாபகம் வைக்கப்பட வேண்டியவர் என்று!